குப்பை மேடு: பக்கத்தில் குடியிருப்பவர்களும் உள்ளாட்சிக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஊர் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அதன் ஓரத்தில் ஒரு குப்பை மேடும் வந்துவிடுகிறது. திருச்சிக்கு அரியமங்கலம், கோவைக்கு வெள்ளலூர், மதுரைக்கு வெள்ளக்கல். சென்னைக்கு இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் சென்னையின் இரண்டு மேடுகளையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். மற்ற ஊர்களிலும் அளவு மாறுமே தவிர, சங்கதி அதேதான்.

எங்கள் ஊரில் இருப்பது முறையான குப்பைக் கிடங்கா, வெறும் குப்பை மேடா? எப்படித் தெரிந்துகொள்வது?

அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முறையான கிடங்கு என்றால் குப்பை விழுவதற்கு முன்பே தரையில் 90 செ.மீ. களிமண் படுகையும், அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள எச்.டி.பி.இ. (கெட்டியான, நீர் கசியாத பிளாஸ்டிக்) விரிப்பும் போட்டிருக்க வேண்டும். கசியும் சாற்றைச் சேகரிக்கக் குழாய், வாயு வெளியேறக் குழாய், சுற்றிலும் மழைநீர் வடிகால், வாசலில் எடைமேடை எல்லாம் இருக்க வேண்டும். அன்றன்று கொட்டிய குப்பை மேல் மாலையில் குறைந்தது 10 செ.மீ. மண் போட்டு மூட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அதைவிடக் கனமான மூடாக்கு வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 இதையெல்லாம் வரிவரியாகச் சொல்லியிருந்தன (2026 ஏப்ரலில் அவற்றின் இடத்துக்குப் புதிய விதிகள் வந்தன). குடியிருப்பு, குளம், நெடுஞ்சாலை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது.

இதில் ஒன்றுகூட இல்லாமல் லாரி போய்க் கொட்டிவிட்டு வந்தால் அது குப்பை மேடு. கொடுங்கையூரும் பெருங்குடியும் இந்த விதிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியவை. அடியில் விரிப்பு இல்லை. மலைபோல் குவிந்த பிறகு அதை அடியில் கொண்டுபோய்ப் போடவும் முடியாது. ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் செய்யக்கூடியது மூன்றுதான்: தண்ணீரை உள்ளே விடாமல் பார்ப்பது, தீயை வளரவிடாமல் பார்ப்பது, சரிவை நிற்க வைப்பது. இந்த மூன்றும் கைக்குள் இருந்தால் மற்ற திட்டங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

கோடை வந்தால் குப்பை மேடு தானாகவே தீப்பிடிக்கிறதே, யாராவது வைக்கிறார்களா?

இரண்டும் நடக்கிறது. மக்கும் குப்பை அழுகும்போது சூடு கிளம்பும். குவியலுக்குள் 60, 70 டிகிரி வரை போவது சாதாரணம். வெளியே போக வழியில்லாமல் சூடு தங்கி, எங்கோ ஒரு விரிசல் வழியாகக் காற்றும் போனால் உள்ளே கனல ஆரம்பிக்கும். காற்று புகாத ஆழத்தில் உண்டாகும் மெத்தேன் அதற்குத் துணை. குப்பை வாயுவில் ஏறக்குறைய பாதி மெத்தேன்தான். அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும்.

பொறி எங்கிருந்து வருகிறது? செம்புக்காக ஒயரை எரிப்பவர்களிடமிருந்து, அணைக்காமல் எறியும் பீடியிலிருந்து, அடுப்புச் சாம்பலோடு வந்த கங்கிலிருந்து. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது லித்தியம் பேட்டரி. பழைய செல்போன், பவர் பேங்க், பொம்மைக்குள் இருக்கும் சின்ன பேட்டரி எல்லாம் குப்பையை அமுக்கும் காம்பாக்டர் வண்டியில் நசுங்கிவிட்டு மேட்டுக்கு வந்து பற்றிக்கொள்கின்றன. வீட்டுக் குப்பையில் பேட்டரி போடாதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தீயணைப்பு வண்டி பத்து நின்றாலும் நாட்கணக்கில் புகைகிறதே, ஏன்?

பெருங்குடியில் 2022 ஏப்ரல் 27 அன்று பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்தது. கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2 அன்று பிடித்தது பத்து நாளுக்கு மேல் நீடித்து நகரத்தையே மூச்சுத் திணற வைத்தது. வெள்ளலூரிலும் 2024 ஏப்ரலில் இதே கதை.

கண்ணுக்குத் தெரியும் தீ மேலே இருக்கிறது. எரிவது கீழே, சில மீட்டர் ஆழத்தில். மேலிருந்து பீய்ச்சும் தண்ணீர் பிளாஸ்டிக் தாள்களின் மேல் வழிந்து சரிவில் இறங்கிவிடும், கனலுக்குப் போய்ச் சேராது. ஆனால் வழிந்த தண்ணீர் மட்டும் வீணாவதில்லை: அத்தனையும் கழிவுச் சாறாக மாறி அடியில் வந்து நிற்கும். ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்கிறோம்.

அனுபவமுள்ளவர்கள் செய்வது வேறு. முதலில் எரியும் பகுதியைச் சுற்றிப் பொக்லைன் வைத்து நாலைந்து மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் வெட்டி மற்ற குவியலிலிருந்து துண்டித்துவிடுவார்கள். அப்புறம் எரியும் குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி வெளியே பரப்பி, பரப்பியதை நனைத்து, ஆறிய பிறகு மண் போட்டு மூடுவார்கள். தோண்டும்போது காற்று பட்டுத் தீ குப்பென்று எழும். அதனால் பக்கத்திலேயே தண்ணீர் லாரி தயாராக நிற்க வேண்டும். தோண்ட முடியாத இடத்தில் மேலே அரை மீட்டர், ஒரு மீட்டர் கனத்துக்கு மண் கொட்டி இறுக்கி, காற்றை அடைப்பதுதான் வழி. இதற்கு மண் வேண்டும். தீ பிடித்த அன்று மண்ணுக்கு டெண்டர் விட முடியுமா? பங்குனி பிறப்பதற்கு முன் நூறு லோடு மண்ணாவது வளாகத்துக்குள் குவித்து வைத்திருக்கும் ஊர்தான் தீயைச் சீக்கிரம் அடக்குகிறது.

புகை வரும் நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

சன்னல், கதவை அடைத்துவிட்டு உள்ளேயே இருப்பது நல்லது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வதால் நுண்துகள் தடுபடாது. என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகளும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள் ஆகியோரை இரண்டு மூன்று நாளைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். மொட்டை மாடியில் காய வைத்த வடகம், துணி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடவும். நெஞ்சு இறுகினால், இன்ஹேலர் போட்டும் மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மேட்டின் அடியில் கறுப்பாக ஓடுகிறதே, அது சாக்கடையா?

அதுதான் கழிவுச் சாறு. பொறியாளர்கள் லீச்சேட் என்பார்கள். மழைநீரும் குப்பைக்குள் இருக்கும் ஈரமும் மக்கிய பொருளினூடாக வடிந்து, வழியில் கிடைத்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு கீழே வருகிறது. பார்ப்பதற்குக் கெட்டி டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். ஓரத்தில் பழுப்பு நுரை கட்டியிருக்கும், ஓடிய தடத்தில் புல் முளைக்காது. புதுக் குப்பையிலிருந்து வரும் சாறு புளித்த நாற்றம் அடிக்கும், அமிலத்தன்மை அதிகம். பத்து, இருபது வருடப் பழைய மேட்டிலிருந்து வருவதில் அமிலம் குறைந்து அம்மோனியாவும் உப்பும் ஏறியிருக்கும். பேட்டரி, பெயின்ட், குழல்விளக்கு எல்லாம் சேர்ந்து கொட்டப்பட்டிருந்தால் ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவையும் வரும்.

பெருங்குடி மேடு இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தென்சென்னையின் மழைநீர் இந்தச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. அந்த வழியில் சாறும் கூடவே பயணம் செய்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் இடம்பிடித்த ஈரநிலம் இது. அங்கே குப்பை கொட்ட ஆரம்பித்த காலத்தில் சதுப்பு என்றால் உதவாத நிலம் என்று வருவாய்த் துறை கணக்கே சொன்னது. கொடுங்கையூரில் சாறு போகும் கால்வாயும் கடைசியில் பக்கிங்காம் கால்வாயில்தான் சேர்கிறது.

எங்கள் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் உலோகமும் அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். மேட்டுக்கு அருகில் உள்ள போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். குழாயிலோ லாரியிலோ குடிநீர் கொடுப்பது உள்ளாட்சியின் பொறுப்பு, கேட்டு வாங்க வேண்டியது.

பரிசோதனை செய்து பார்க்க விரும்பினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் செய்யலாம். அறிக்கை கைக்கு வந்ததும் நாலு வரியைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்குக் குளோரைடு 250 மில்லிகிராமும் மொத்தக் கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமும் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000, 2,000 வரை போகலாம். நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது, அதில் சலுகை கிடையாது. அம்மோனியா 0.5. சென்னையைப் போன்ற கடலோர ஊரில் குளோரைடு மட்டும் ஏறியிருந்தால் கடல்நீர் புகுந்ததாகவும் இருக்கலாம். குளோரைடோடு அம்மோனியாவும் சேர்ந்து ஏறியிருந்தால் குப்பை மேட்டின் மேல் சந்தேகப்படலாம். வீட்டு செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், மேட்டிலிருந்து தள்ளி உள்ள ஒரு போரையும் சேர்த்துப் பரிசோதித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு வாதாடினால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடும்.

குப்பை மேடு சரிந்து விழுமா?

விழும், விழுந்திருக்கிறது. கொழும்பு அருகே மீதொட்டமுல்லவில் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கோஷே மேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதே 2017 செப்டம்பரில் டெல்லி காசிப்பூர் மேட்டின் ஒரு பகுதி விழுந்து சாலையில் போனவர்களைக் கால்வாய்க்குள் தள்ளியது, இருவர் இறந்தனர். பிலிப்பைன்சின் பயதாசில் 2000 ஜூலையில் 200-க்கும் மேல், இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 2005 பிப்ரவரியில் 140-க்கும் மேல் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது.

இவற்றில் பலவற்றுக்கும் முன்னால் பெருமழை பெய்திருந்தது. நனைந்த குப்பையின் எடை கூடுகிறது, உள்ளே தேங்கிய நீர் அழுத்தம் கொடுத்துக் குப்பைக்குக் குப்பை இருக்கும் பிடிமானத்தைக் குறைக்கிறது. பக்கவாட்டுச் சரிவு செங்குத்தாக இருந்தால் கதை முடிந்தது. மேட்டின் உச்சியில் விளிம்புக்கு இணையாக நீண்ட விரிசல் ஓடுகிறதா, அடிவாரம் வெளிப்பக்கம் பிதுங்குகிறதா, சரிவின் நடுவில் புதிதாகச் சாறு ஊறுகிறதா, அடிவாரத்துச் சுற்றுச்சுவர் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இதில் ஏதாவது ஒன்று மழை நாளில் தெரிந்தால் அடிவாரத்து வீடுகளிலிருந்து அன்றைக்கே வெளியேறிவிட வேண்டும். ஆய்வுக் குழு வந்து பார்க்கட்டும் என்று இருக்கக் கூடாது. உள்ளாட்சி செய்ய வேண்டியது, மேலே கொட்டுவதை நிறுத்தி, உச்சியிலிருந்து குப்பையை எடுத்துச் சரிவை மூன்றுக்கு ஒன்று (மூன்று மீட்டர் தள்ளிப் போனால் ஒரு மீட்டர் உயரம்) என்ற கணக்கில் தட்டையாக்குவது. அடிவாரத்தில் மட்டும் தோண்டினால் சரிவைக் கையாலேயே இழுத்துவிட்டதுபோல் ஆகும்.

பயோமைனிங் என்றால் என்ன? நிஜமாகவே மேடு காணாமல் போகுமா?

போகும், போயிருக்கிறது. இந்தூரில் தேவகுராடியா மேட்டை 2018-ல் அகற்றிச் சுமார் 100 ஏக்கரை மீட்டார்கள். நம் கும்பகோணம் அதற்கும் முன்பே செய்து பார்த்த ஊர். பெருங்குடியில் சுமார் 34 லட்சம் கன மீட்டர் பழைய குப்பையை ஏறக்குறைய 350 கோடி ரூபாயில் எடுக்கத் திட்டமிட்டு, பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். அடுத்து கொடுங்கையூரில் சுமார் 252 ஏக்கரில் 66 லட்சம் டன், செலவு ஏறக்குறைய 640 கோடி.

வேலை இப்படி நடக்கும். மேட்டைப் பகுதி பகுதியாகக் கிளறி, இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு நீள வரப்புகளாகப் போடுவார்கள். மேலே நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடுவார்கள். மூன்று, நான்கு புரட்டலில் நாற்றம் அடங்கி, ஈரம் வற்றி, குப்பை உதிரும் பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் அதைச் சுழலும் உருளைச் சல்லடையில் போடுவார்கள். பெரிய கண்ணில் கல், தென்னை மட்டை, டயர், துணிச் சுருள் நிற்கும். நடுக்கண்ணில் பிளாஸ்டிக். சின்னக் கண் வழியாகக் கறுப்பு மண் கொட்டும். பாதிக்கு மேல் இந்த மண்தான். அதற்குள் கை விட்டுப் பார்த்தால் பால் பாக்கெட்டின் நீல மூலை, ஷாம்பு சாஷே, கண்ணாடித் துண்டு, முடி என்று இருபது வருட வீட்டுக் கதை கிடைக்கும்.

பிளாஸ்டிக்கும் துணியும் ஆர்.டி.எஃப். என்ற பெயரில் கட்டுக்கட்டாகச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். அரியலூர் பக்கம் ஆலைகள் இருப்பது நமக்கு வசதி. ஆனால் மண் ஒட்டிய ஈரப் பிளாஸ்டிக்கை எந்த ஆலையும் சந்தோஷமாக வாங்காது, லாரி வாடகையும் உள்ளாட்சி தலையில்தான். சலித்தெடுத்த பொருளில் எது எங்கே போனது என்ற கணக்கைக் கேட்டால்தான் திட்டத்தின் உண்மை நிலை தெரியும். ‘இத்தனை ஏக்கர் மீட்டோம்’ என்ற பலகை மட்டும் போதாது. ஓரிடத்துக் குப்பை இன்னோர் ஏரிக்கரையில் இறங்கியிருந்தால் அதற்குப் பெயர் மீட்பு கிடையாது.

சலித்த மண்ணை இலவசமாகக் கொடுக்கிறார்களாம், தோட்டத்துக்கு வாங்கலாமா?

கீரை, காய்கறி போடும் பாத்திக்கு வேண்டாம். கன உலோகமும் பிளாஸ்டிக் துணுக்கும் கண்ணாடியும் இருக்கும். ஆய்வக அறிக்கை காட்டினால், உண்ணாத செடிகளுக்கும் சாலையோர மரங்களுக்கும் யோசிக்கலாம். பள்ளம் நிரப்பவே இது பெரும்பாலும் போகிறது. அந்தப் பள்ளம் குளமாகவோ கிணற்றுக்குப் பக்கத்திலோ இருந்தால் அதுவும் கூடாது.

தோண்டாமல் அப்படியே மூடிவிட்டுப் பூங்கா ஆக்கினால் என்ன?

மும்பையில் கோராய் மேட்டை அப்படித்தான் மூடினார்கள்: சரிவைச் சீராக்கி, விரிப்புப் போட்டு, வாயுவைக் குழாயில் சேர்த்து எரித்தார்கள். தோண்டினால் ஊர் முழுக்க நாறும், இடமும் நெருக்கடி, மேடும் மிக உயரம் என்றால் மூடுவது நியாயமான தீர்வு. செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் மூடுவது என்றால் மேலே செம்மண் தூவிப் புல் நடுவது என்று நினைத்துவிடக் கூடாது. 60 செ.மீ. களிமண், அதன் மேல் 15 செ.மீ. வடிகால் அடுக்கு, அதற்கும் மேல் 45 செ.மீ. மண் என்று 2016 விதிகளில் கணக்கு இருந்தது. மூடிய பிறகு குறைந்தது 15 ஆண்டுகள் சாறு, வாயு, நிலத்தடி நீரைக் கண்காணிக்க வேண்டும். அந்தப் பதினைந்து ஆண்டில் மூன்று மாநகராட்சித் தேர்தல் வந்துபோகும். கண்காணிப்புக்கான பணத்தை முதல் நாளே தனிக் கணக்கில் போட்டு வைக்காத ஊரில் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடியில் விரிப்பு இல்லாத மேட்டை மேலே மூடினாலும், நிலத்தடி நீர்மட்டம் குப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தால் சாறு நிற்காது. பள்ளிக்கரணை போன்ற சதுப்பில் அதுதான் நிலைமை. அங்கே தோண்டி எடுப்பதே சரி. எடுத்த பிறகு அந்த நிலத்தைச் சதுப்புக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், கட்டுமானம் எதுவும் வரக் கூடாது என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை. சாம்பார் மிச்சமும் வாழைப்பழத் தோலும் எரிந்து மின்சாரம் தராது, உலர்த்துவதற்கே சூடு போய்விடும். நன்றாக எரிவது உலர்ந்த பிளாஸ்டிக், காகிதம். அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் ஊருக்கு எரிஉலை அவ்வளவாகத் தேவைப்படாது. புகைபோக்கியைச் சரியாக இயக்கத் தொடர்ந்து செலவாகும், அடியில் விழும் சாம்பலுக்கும் பறக்கும் சாம்பலுக்கும் தனியாகக் கிடங்கு வேண்டும். கொடுங்கையூரில் எரிஉலை வரப்போகிறது என்றதும் வடசென்னை மக்கள் எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை. அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் ஏற்கெனவே அவர்கள் பக்கம்தான்.

எங்களுடையது சின்ன நகராட்சி. கோடிக்கணக்கில் பணம் இல்லை. உடனடியாக என்ன செய்யலாம்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் பயன்படுவதும் இந்தக் கேள்விதான். பெரிய திட்ட அறிக்கை தயாராகி, நிதி வந்து, ஒப்பந்தம் போட இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடமும் மேடு சும்மா இருக்காது.

முதலில் வாசல். ஒரே ஒரு வாசல் வைத்து, காவலர் ஒருவரை உட்கார வைத்து, வரும் வண்டியின் எண், எங்கிருந்து வருகிறது, என்ன குப்பை என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எடைமேடை இல்லாவிட்டாலும் பக்கத்து அரிசி ஆலையிலோ லாரி எடைமேடையிலோ வாரம் ஒரு நாள் எடை போட்டால் ஒரு கணக்குக் கிடைக்கும். மருத்துவமனைக் கழிவு, இறைச்சிக் கடைக் கழிவு, தொழிற்சாலைச் சாம்பல், கட்டட இடிபாடு, செப்டிக் டேங்க் லாரி ஆகியவை ராத்திரியில் வருவது வாசல் இருந்தால்தான் நிற்கும்.

அடுத்தது கொட்டும் இடத்தைச் சுருக்குவது. பத்து ஏக்கர் முழுக்கச் சிதறிக் கொட்டுவதற்குப் பதில் ஒரு மூலையில் மட்டும் கொட்டுங்கள். மற்ற இடத்தைச் சமப்படுத்தி மண் போட்டு மூடிவிட்டால் ஈ, நாய், நாற்றம், தீ நான்கும் ஒரே அடியாகக் குறையும். மூடுவதற்குக் கட்டட இடிபாட்டைச் சலித்த மண், வாய்க்கால் தூர் என்று எது கிடைத்தாலும் பயன்படும். குவியல்களுக்கு நடுவில் வண்டி போகிற அகலத்துக்குத் தடம் விட்டு வையுங்கள். தீ பிடித்தால் அந்தத் தடம்தான் காப்பாற்றும்.

அப்புறம் தண்ணீர். ஐப்பசிக்கு முன்னால் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, வெளியிலிருந்து வரும் மழைநீரை உள்ளே விடாமல் திருப்பிவிட வேண்டும். மேட்டின் தலை குழியாக இல்லாமல் நீர் வழிந்தோடும்படி சரிவாக இருக்க வேண்டும். அடிவாரத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டிச் சாற்றைத் தனியே பிடித்து, விரிப்புப் போட்ட குட்டையில் விடுங்கள். மழைநீர் வாய்க்காலும் சாற்று வாய்க்காலும் ஒன்றில் ஒன்று கலக்கக் கூடாது. கலந்தால் ஆயிரம் லிட்டர் சாறு ஒரு லட்சம் லிட்டர் ஆகிவிடும். கோடையில் குட்டைச் சாற்றை வளாகத்துக்குள்ளேயே தூசு அடங்கத் தெளிக்கலாம், மழைக்காலத்தில் தெளிக்கக் கூடாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் அனுப்பினால், கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அம்மோனியாவில் அங்குள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு ஜேசிபி, ஒரு டிப்பர், மண், பொறுப்பாக ஓர் ஆள். மற்ற சாமான்களை வாங்கிவிட்டு ஆளை மட்டும் நியமிக்காமல் விடும் நகராட்சிகள்தான் அதிகம்.

மேட்டில் குப்பை பொறுக்குபவர்களை வெளியேற்றிவிட்டால் தீ பிடிக்காதே?

கம்பி எரிப்பது நிற்கலாம். ஆனால் அவர்கள் எடுத்துக் காயலான் கடைக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக்கும் இரும்பும் அட்டையும் அப்புறம் மேட்டிலேயே தங்கும், எரிவதற்குச் சரக்கு கூடும். அடையாள அட்டை, கையுறை, காலணி, தனுர்வாதத் தடுப்பூசி கொடுத்து, மேட்டிலிருந்து இறக்கிப் பிரிப்பு மையத்தில் வேலைக்கு வையுங்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. எந்தப் பிளாஸ்டிக் விலைபோகும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள், அந்தத் தேர்ச்சி எந்த இயந்திரத்துக்கும் இன்னும் வரவில்லை.

மேட்டை ஒட்டி வீட்டுமனை மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். பழைய குப்பை மேல் நிரவிய மனை என்றால் இன்னும் மோசம். தரை பல ஆண்டுகளுக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும், சுவர் வெடிக்கும். மெத்தேன் மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து தரைத்தளத்திலும் கீழ்நிலைத் தொட்டியிலும் வந்து தங்கலாம். அப்படிப்பட்ட தொட்டிக்குள் தீக்குச்சி கிழித்து எட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

யாரிடம் புகார் செய்வது? என்ன கேட்பது?

உள்ளாட்சிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ‘நாறுகிறது, நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் மருந்து தெளித்துவிட்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் மாதவாரியாக வளாகத்துக்கு வந்த குப்பை எத்தனை டன்? கண்காணிப்புக் கிணறுகள் எங்கே உள்ளன, கடைசி மூன்று ஆய்வு முடிவுகளின் நகல் என்ன? மூடாக்கு மண்ணுக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவானது? பயோமைனிங் நடந்திருந்தால் ஆர்.டி.எஃப். அனுப்பிய ஆலைகளின் பெயரும் எடைச்சீட்டும் தேவை. 30 நாளில் பதில் தர வேண்டும். ‘தகவல் இல்லை’ என்று வந்தால் அதுவே தீர்ப்பாயத்தில் நல்ல ஆதாரம்.

நாங்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தாலும் ஒரே வண்டியில் போட்டுக் கலக்கிவிடுகிறார்களே, பிறகு எதற்குப் பிரிப்பது?

கோபம் நியாயம்தான். சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் ஈரக் குப்பை மேட்டுக்குப் போகாவிட்டால் மேலே சொன்ன சாறு, மெத்தேன், நாற்றம், தீ ஆகியவற்றில் பெரும்பகுதி உருவாகவே உருவாகாது. பல கோடி செலவழித்து ஒரு பக்கம் பழைய மேட்டைத் தோண்டிக்கொண்டே, மறுபக்கம் கலந்த புதுக் குப்பையைக் கொட்டினால் மேடு இடம் மாறும், அவ்வளவுதான்.

வண்டியில் இரண்டு அறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் கலக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் தூய்மைப் பணியாளர் மேல் தவறில்லை: வார்டில் நுண் உரம் செயலாக்க மையம் இயங்கவில்லை, ஈரக் குப்பையைக் கொண்டுபோய் இறக்க இடமில்லை. ஏரியா சபையில் எழுப்ப வேண்டிய கேள்வி அந்த மையம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பது. மோட்டார் பழுதா, ஆள் இல்லையா, மின் இணைப்புக் கொடுக்கவில்லையா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வளாகத்துக்குள்ளேயே உரம் போட இரண்டு தொட்டியும் காய்ந்த இலையும் போதும். ஈரக் குப்பை ஒரு பங்கு, காய்ந்த இலை ஒரு பங்கு, வாரத்துக்கு இரண்டு முறை கிளறல். நாற்றம் அடித்தால் இலை போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் போடுங்கள்.